ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? - மாணவர் காந்தியின் உணவு எழுத்துகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாழ்வோடு ஒட்டாத நூலறிவு பயன் தராது என்பதே அதன் கருத்து. ஆனால் சுரைக்காயைப் பற்றியே, சோற்றைப் பற்றியே, பசியைப் பற்றியே ஒருவர் ஏட்டில் எழுதினால் அந்த ஏடு யாருக்கு உதவும்? எழுதியவருக்கா, படிப்பவருக்கா, அல்லது உண்ண ஏதுமின்றி வெளியே நிற்பவருக்கா? உணவையும் பண்பாட்டையும் குறித்த எழுத்துகள் பெருகிவரும் இந்நாளில் இக்கேள்வியைக் கேட்காமல் இருக்க இயலாது.

வார இதழ்களின் இணைப்புகளில் சமையற் குறிப்புகள் பக்கம் பக்கமாக வருகின்றன. இலையில் பரிமாறியதை உண்பதற்கு முன்பே கைப்பேசியில் படம் பிடிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், 'எங்கள் வட்டார உணவு' என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். நாட்குறிப்பு எழுதும்படியும் வலியுறுத்துகிறார்கள். நல்ல முயற்சிகளே! எனினும் அவற்றின் விளைவாக வரும் எழுத்துகளைப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. உணவைப் பற்றிய கட்டுரை, பொருள்களின் பட்டியலாகவோ தன் ஊர்ப் பெருமையாகவோ நின்றுவிடுகிறது. நாட்குறிப்போ, எழுந்தேன், உண்டேன், உறங்கினேன் என்பதோடு முடிந்து, சனவரி நடுவிலேயே வெறுந்தாளாகிவிடுகிறது. உணவுக் கட்டுரையில் எழுதியவர் இல்லை. நாட்குறிப்பில் உலகம் இல்லை.

இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய முயன்ற மாணவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். மகாத்மா என்றும் தேசத் தந்தை என்றும் நாம் அறிந்த காந்தியடிகள் அவர். ஆனால் இங்கே நாம் நோக்க விரும்புவது மகாத்மாவை அன்று. 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற, கூச்ச சுபாவம் மிக்க, பல நாள் அரைவயிற்றோடு உறங்கிய மோகன்தாஸ் என்னும் இளைஞரை. அவர் விட்டுச் சென்ற உணவு எழுத்துகளை எழுத்துகளாகவே எடுத்துக்கொண்டு அவற்றின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருபது பக்கங்கள்

1888 செப்டம்பர் 4-ஆம் நாள் காந்தி பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று, பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையில் தம் தாய்க்கு வாக்களித்த பிறகே அவருக்கு விடை கிடைத்தது. அவருடைய சாதியாரோ கடல் கடந்து செல்வதை எதிர்த்தனர். மீறியதால் அவரை விலக்கியும் வைத்தனர். இலண்டன் சேர்ந்து சில வாரங்கள் கழித்து, நவம்பர் 12-ஆம் நாள், அவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். தாம் இங்கிலாந்துக்கு வர எண்ணியது எதனால் என்ற வினாவே அதன் தொடக்கம்.

ஏறத்தாழ 120 பக்கங்கள் கொண்டிருந்த அந்த ஏட்டை, 1909-இல் இலண்டன் புறப்பட்ட தம் உறவினர் சகன்லாலிடம் அவர் கொடுத்தார். சகன்லால் படியெடுத்து வைத்த 20 பக்கங்கள் அளவே இன்று எஞ்சியுள்ளன. மற்றவை மறைந்துவிட்டன. எஞ்சிய பகுதியில் மொழி நயமோ கருத்துச் செறிவோ பெரிதாக இல்லை. பயணத்துக்குப் பணம் தேடி அலைந்தது, சாதியாரின் எதிர்ப்பு, கப்பலில் கண்ட காட்சிகள் ஆகியவை கண்டது கண்டபடியே பதிவாகியுள்ளன. ஆயினும் அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. பின்னாளில் தாம் யாராக ஆவோம் என்பதை அறியாத ஒருவர் எழுதிய ஏடு அது. 'சத்திய சோதனை' என நாம் அறியும் தன்வரலாறு 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வெளிவந்தது. அதை எழுதத் தொடங்கியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்த பெருந்தலைவர். நினைவு தன் போக்கில் நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்தியும் பொருள் ஏற்றியும் தருவது இயல்பு. அன்றன்று எழுதிய ஏட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் அந்த நூறு பக்க இழப்பு நமக்குப் பெரிய இழப்பாகிறது.

பசியே ஆசான்

இழந்த பக்கங்களில் இருந்திருக்கக்கூடியதை நாம் தன்வரலாற்றிலிருந்தே பெற வேண்டியிருக்கிறது. அங்கே உணவு வெறும் பின்னணியாக வராமல், ஏறக்குறைய ஒரு கதைமாந்தராகவே வருகிறது. கப்பலில் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எந்த உணவில் இறைச்சி இல்லை என்று கேட்கும் துணிவும் இல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்கிறார். இலண்டனில் காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியமும் இரவும் கீரையும் ரொட்டியும் பழப்பாகும். இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேல் ரொட்டி கேட்க நாணம். பிறகு தங்கிய வீட்டில், வீட்டுக்காரியின் பெண்மக்கள் இரக்கப்பட்டு ஓரிரு துண்டுகள் கூடுதலாக வைப்பார்களாம். அதற்கும் மேல் வேண்டியிருந்ததாம் அவருக்கு!

புலால் உண்ணாதோர்க்கான உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கல் தொலைவு நடந்தார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்றைக் கண்டார். வாயிலருகே கண்ணாடிச் சாளரத்தில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் எழுதிய, புலால் மறுத்தலுக்கு வாதாடும் நூலும் ஒன்று. ஒரு சில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான் என்கிறார்.

இந்த நிகழ்ச்சியின் உட்பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அதுவரை அவர் புலாலை மறுத்தது தாய்க்குக் கொடுத்த வாக்கினால். அந்நூலைப் படித்தபின் மறுத்தது தம் அறிவும் மனமும் ஒப்பியதால். மரபாக வந்ததை ஆராய்ந்து தமதாக்கிக்கொண்டார். பெற்ற நம்பிக்கை தேர்ந்த நம்பிக்கையாகும் இந்த நகர்வே எந்த இளைஞனின் அகவாழ்விலும் முதன்மையான திருப்பம். அது அவருக்கு ஓர் உணவகத்தின் வாயிலில் நிகழ்ந்தது என்பதை ஒளிவின்றி எழுதியிருப்பது அத்தன்வரலாற்றின் அழகு.

சட்டக் கல்வியிலும் உணவு குறுக்கிட்டது. அக்கால வழக்கப்படி, மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு விருந்துகளிலாவது கலந்துகொள்ள வேண்டும். இவ்வாறு பன்னிரண்டு பருவங்கள்! நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு புட்டி மது உண்டு. இவர் குடிக்கமாட்டார் என்பதால் இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம். நகைச்சுவையாகச் சொல்லப்படும் இச்செய்தி ஒரு பண்பாட்டின் முகத்தைக் காட்டிவிடுகிறது. உணவு வழியாகப் பண்பாட்டை எழுதுவதற்கு இது நல்ல சான்று. அறிவுரை இல்லை, விளக்கவுரை இல்லை, ஒரு மேசையும் இரண்டு புட்டிகளும் போதுமானவையாக இருக்கின்றன.

சல்லடை காணாத மாவு

1891 பிப்ரவரி 7 முதல் மார்ச்சு 14 வரை, இலண்டனில் வெளிவந்த 'தி வெஜிடேரியன்' என்னும் வார இதழில், இந்தியாவில் புலால் உண்ணாதோரைப் பற்றி ஆறு கட்டுரைகளைக் காந்தி எழுதினார். அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்துகள் என்று இவற்றைக் கருதுவர். தொடர்ந்து இந்தியத் திருவிழாக்கள் பற்றியும் எழுதினார். மே மாதத்தில் இந்திய உணவுகள் பற்றி ஓர் உரையும் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அயலாருக்குத் தம் நாட்டு உணவை விளக்குவது எளிதன்று. ஒன்று, வியப்பூட்டும் விந்தைகளாக அடுக்கத் தோன்றும். அல்லது, தாழ்வு மனப்பான்மையால் சமாதானம் சொல்லத் தோன்றும். காந்தி பெரும்பாலும் இவ்விரு குழிகளிலும் விழவில்லை. இங்கிலாந்தில் புலால் மறுப்போர் பலர் முட்டை உண்பர். இந்தியரோ முட்டையை உயிராகக் கருதி விலக்குவர், பாலை ஏற்பர் என்ற வேறுபாட்டை அமைதியாக எடுத்துரைக்கிறார். சப்பாத்தி செய்யும் முறையை அவர் விளக்கும் இடம் குறிப்பிடத்தக்கது. கோதுமையைக் கையால் சுழற்றும் திரிகையில் அரைப்பது, கண் பெரிய சல்லடையில் சலிப்பது, சிறிது நெய்யும் நீரும் சேர்த்துப் பிசைவது, சிறு ஆரஞ்சு அளவு உருட்டி ஏறத்தாழ ஆறு அங்குல வட்டமாகத் தேய்ப்பது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்த ஒழுங்கின் நடுவே, ஏழைகள் வீட்டில் மாவைச் சலிப்பதே இல்லை என்றும் குறித்துவிடுகிறார்.

சமையற் குறிப்பாக மட்டும் எழுதுபவர்க்கு இந்தச் செய்தி தேவையற்றது. சுவைக்கு அதனால் பயனில்லை. ஆனால் இந்த ஒரு செய்தியால், அடுப்பங்கரை ஒரு நாட்டின் அடுப்பங்கரையாக விரிகிறது. சலித்த மாவும் சலிக்காத மாவும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன.

முதல் கட்டுரையிலேயே இதனினும் கூர்மையான ஓரிடம் உண்டு. இந்தியரில் பெரும்பாலோர் புலால் உண்ணாதவர்கள்தாம். ஆனால் சிலர் விரும்பி அவ்வாறு இருக்கிறார்கள், பலர் வாங்க வழியில்லாததால் அவ்வாறு இருக்கிறார்கள் என்கிறார். நாளொன்றுக்கு ஒரு பைசாவில், அதாவது ஒரு பென்னியின் மூன்றில் ஒரு பங்கில், உயிர் வாழ்வோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்கு ரொட்டியும் உப்பும்தான் உணவு. அந்த உப்பின் மேலும் கடுமையான வரி இருக்கிறது என்று எழுதுகிறார். புலால் மறுத்தலைப் போற்றும் இதழில், அக்கொள்கைக்கு ஆதரவாக எழுத வந்த இளைஞர், வறுமையை அறமாகக் காட்டி ஏமாற்ற மறுக்கிறார். தம் வாதத்துக்கு ஊறு நேரினும் உண்மையைச் சொல்லும் இந்த நேர்மையே இக்கட்டுரைகளின் தலையாய சிறப்பு. மதுவைப் பரப்பியது ஆங்கில ஆட்சியின் தீமைகளுள் ஒன்று என்று அவ்வாட்சியின் தலைநகரிலேயே எழுதவும் அவர் தயங்கவில்லை.

உப்பு வரி பற்றி அவர் எழுதியது 1891-இல். தண்டிக் கடற்கரையில் உப்பு அள்ளியது 1930 ஏப்ரல் 6-இல். இடையே முப்பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு தட்டில் இருந்ததை உற்றுப் பார்த்து எழுதிய ஒரு மாணவரின் குறிப்பு, எத்துணைக் காலம் கழித்து எத்தகைய கனி தந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதோ இல்லையோ, ஏட்டு உப்பு ஒரு நாட்டின் கஞ்சிக்கு உதவியது.

பந்தியில் இல்லாதவர்கள்

பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் திறனாய்வு ஆகாது. இக்கட்டுரைகளில் பெரிய குறையொன்றும் உண்டு. இந்திய மக்களை இந்துக்கள், முகமதியர், பார்சிகள் என்று மூன்று பெரும் பிரிவினராக அவர் வகுக்கிறார். இந்துக்களை நால் வருணத்தாராக மேலும் பிரிக்கிறார். இந்தப் பட்டியலில் கிறிஸ்தவர் இல்லை. அவர் கப்பலேறிய பம்பாயிலேயே கத்தோலிக்கர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். நம் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் காலடி வைத்தது 1542-இல். அக்கட்டுரைகள் வெளிவந்தபோது அதற்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலோர மக்களுக்கு மீன் என்பது ஆடம்பரமும் அன்று, கொள்கை மீறலும் அன்று. அது உழைப்பு, வழிபாடு, உறவு, வாழ்வு அனைத்தும். இவர்கள் அந்த இளைஞரின் இந்தியாவில் இடம்பெறவில்லை.

நம்மவர் விடுபட்டார்களே என்னும் மனத்தாங்கலால் இதைச் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. நால் வருணம் என்று எண்ணி முடிக்கும்போது, அவ்வருணங்களுக்கு வெளியே தள்ளப்பட்ட மக்கள் எண்ணிக்கையிலேயே வரவில்லை. கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமையற்றோர், மிச்சமானதையும் ஒதுக்கப்பட்டதையும் உண்டு உயிர் வாழ்ந்தோர் அவர்கள். யார் எதை உண்கிறார் என்பதைவிட, யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்பதே நம் நாட்டில் கூர்மையான கேள்வி. உணவின் பெயரால் தீட்டு வகுத்த நாட்டில், உணவுப் பண்பாட்டை எழுதுபவர் அந்தக் கோட்டைக் காணாமல் போவது சிறு பிழையன்று. ஏழையின் சலிக்காத மாவைக் கண்ட கண், ஏழைக்கும் கீழே தள்ளப்பட்டவனின் வெறுங்கலத்தைக் காணவில்லை. கூர்ந்து நோக்கும் ஆற்றல் ஒருவரிடம் இருப்பதாலேயே அவர் எல்லாவற்றையும் கண்டுவிடுவார் என்று சொல்வதற்கில்லை. நாம் வளர்ந்த வீட்டின் சுவர், நம் கண்ணுக்குச் சுவராகவே தெரிவதில்லை.

இந்தக் குறையை அவர் வாழ்வு ஓரளவு திருத்தியது. 1915-இல் கோச்சரப்பில் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட துதாபாய் குடும்பத்தை அதில் சேர்த்துக்கொண்டார். உள்ளேயும் முணுமுணுப்பு எழுந்தது. வெளியிலிருந்து வந்த பொருளுதவியும் நின்றது. இதையும் தன்வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1891-இன் பட்டியலில் இடம்பெறாதவர்கள் 1915-இல் அவருடைய அடுக்களைக்கு வந்தார்கள்.

கணக்கும் கண்ணும்

பட்டியலை இவ்வாறு திருத்திக்கொள்ளும் மனம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இலண்டனில் அவர் பழகிய மற்றோர் ஏட்டில் அதன் வேர் இருப்பதாகத் தோன்றுகிறது. அது கணக்கேடு. வண்டிச் சத்தம், அஞ்சல் தலை, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்கப் போகுமுன் கூட்டிச் சரிபார்ப்பார். அக்கணக்கே அவரைப் பெரிய இருப்பிடத்திலிருந்து ஓர் அறைக்கு மாறச் செய்தது. காலையும் இரவும் தாமே ஆக்கி உண்டு, நாளுக்கு ஒரு சில்லிங் மூன்று பென்னியில் உணவுச் செலவை முடிக்கச் செய்தது. ரிச்மண்டில் உப்புச் சப்பற்றதாகத் தோன்றிய வெந்த கீரை, மசாலைகளை விட்டபின் சுவையாயிற்று. சுவை நாவில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு அதன்பிறகே வருகிறார். நூலில் படித்த கோட்பாட்டைத் தம் தட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்த பின்பே அவர் பேசுகிறார்.

இவ்விடத்தில் புனித அகுஸ்தினார் நினைவுக்கு வருவது இயற்கையே. பதினாறு வயதில் தோழர்களோடு திருடிய பேரிக்காய்களைப் பற்றி அவர் தம் 'ஒப்புதல்கள்' நூலில் நீண்ட ஆய்வு செய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பன்றிகளுக்கு எறிவதற்கே அவை பயன்பட்டன, பின் ஏன் திருடினேன் என்று தம்மையே குடைகிறார். காந்தியும் சிறுவயதில் நண்பரோடு மறைவாக ஆட்டிறைச்சி உண்டதையும், அன்றிரவு தம் வயிற்றுள் உயிருள்ள ஆடு கத்துவதுபோல் உணர்ந்ததையும் எழுதுகிறார். ஆனால் அவர் அதை நிறுத்தியது பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததால். இருவர் எழுத்திலும் உணவு, ஆன்மாவின் வாயிலாகிறது. பேரிக்காயும் இறைச்சியும் சிறியவை; அவற்றின் வழியே தெரியும் நட்பின் இழுப்பு, மறைவின் கவர்ச்சி, பொய்யின் சுமை ஆகியவை பெரியவை. ஆனால் அகுஸ்தினார் ஏறத்தாழ முழுமையாகத் தம்முள்ளே, தம் இறைவன் முன்னே, நின்று நோக்குகிறார். காந்தியின் எழுத்தில் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. என்ன விலை, யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்ற கேள்விகள் அங்கே தொடர்கின்றன.

உள்ளே நோக்கும் கண்ணும் வெளியே நோக்கும் கண்ணும் அவரிடம் எப்போதும் ஒன்றாகத் திறந்திருந்தன என்றும் சொல்ல இயலாது. 1888-இன் குறிப்பேட்டில் மிகுதியும் தம்மைப் பற்றிய செய்தி. 1891-இன் கட்டுரைகளில் மிகுதியும் நாட்டைப் பற்றிய செய்தி. தம் சொந்தப் பசியையும் பிறர் பசியையும் ஒரே ஏட்டில் எழுத அவருக்குத் தன்வரலாறு வரை காலம் பிடித்தது. ஆனால் இரண்டையும் தனித்தனியே மாணவப் பருவத்தில் பழகியிராவிட்டால் பின்னாளில் இணைத்திருக்க முடியாது.

நம் பிள்ளைகளின் ஏடு

இதிலிருந்து நம் மாணவர்களும் அவர்களுக்கு எழுதக் கற்பிப்போரும் பெற வேண்டியது என்ன?

முதலாவது, அன்றைக்கே எழுத வேண்டும். அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. பின்னாளில் நமக்கு வசதியாக மாறிவிடும் நினைவுக்கு எதிராக நிற்கும் சான்று அந்த ஏடுதான். நூறு பக்கங்கள் தொலைந்தபின் அவற்றின் அருமை தெரிந்து பயனில்லை. இரண்டாவது, விலையையும் உழைப்பையும் எழுத வேண்டும். பொங்கலின் இனிப்பை எழுதும் பிள்ளை, வெல்லத்தின் விலையையும் விடியலில் எழுந்து பாத்திரம் கழுவிய கைகளையும் எழுதட்டும். யார் கடைசியாக உண்டார், அவருக்கு என்ன மிஞ்சியது என்பதையும் எழுதட்டும். மூன்றாவது, பந்தியில் இல்லாதவரை எழுத வேண்டும். ஊர்த் திருவிழாவின் அசனத்தில் எத்தனை படி அரிசி பொங்கியது என்று பெருமையுடன் எழுதுவோம். எந்தத் தெருவுக்குச் சோறு பிந்திச் சென்றது, யார் தனியே அமர்ந்து உண்டார் என்பதை எழுதுகிறோமா? உணவில் தெரியும் பண்பாடு என்றால் இவையும் அதில் அடக்கமே. விடுபட்டோர் பட்டியலை ஒரு பிள்ளை பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினால், நாற்பது ஆண்டுகள் கழித்து அது எங்கே கொண்டுசெல்லும் என்று யார் அறிவார்!

திருத்தும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். இத்தகைய ஏடுகளில் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மதிப்பெண் இடுவதோடு நம் கடமை தீராது. உண்மையை எழுதிய பிள்ளையின் வீட்டு வறுமையோ தெருவின் பெயரோ வகுப்பில் வெளிப்பட்டு, அவன் தலை குனியுமாறு ஆகக் கூடாது. தன் தட்டைத் திறந்து காட்டுபவன் நம்மை நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் காத்தால்தான் அடுத்த பக்கத்தையும் அவன் உண்மையாக எழுதுவான்.

இந்திய உணவுகள் பற்றிய அந்த 1891 உரையை, இரு நாடுகளின் உணவு வேறுபாடு ஒருநாள் மறையும், அதனோடு மனங்களைப் பிரிக்கும் பிற வேறுபாடுகளும் மறையும் என்ற விருப்பத்தோடு காந்தி முடித்தார். உணவு வேறுபாடு மறையவில்லை. மறைய வேண்டிய தேவையும் இல்லை. கடலோரத்தான் மீன் உண்ணட்டும். குஜராத்தியர் பருப்பு உண்ணட்டும். மறைய வேண்டியது பந்தியின் நடுவே இழுத்த கோடு. அக்கோட்டை முதலில் காணும் கண் ஒரு மாணவரின் ஏட்டிலும் திறக்கலாம். இன்றிரவு நம் வீட்டில் ஒரு பிள்ளை ஏட்டை விரித்து அமர்ந்தால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு, யாரோடு சாப்பிட்டாய், யார் சாப்பிடவில்லை என்றும் கேட்போம்.